கட்டியங்காரன் சொன்ன கதை

போன மார்கழியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. டிரினிடாட் தீவில் சான் ஃபெர்னாண்டோ என்ற ஊரில் தபாலில் சேர்த்த கடிதம். தர்மபுரித் தபால்காரர் அந்தத் தபால் தலையை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். "அமெரிக்காவுக்குக் கீழே" என்று சொல்லிவைத்தேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது என்பதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டிருந்த என் சிறுகதை ஒன்றை ஏதோ தொகுப்பில் படித்திருக்கிறார். அவருடைய கொள்ளுப்பாட்டி சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவள். "சேலத்துப் பக்கம்" என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டாம். அந்தக் காலத்தில் தர்மபுரி சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1965ல்தான் தனி ஜில்லாவாயிற்று. ஆகவே அந்தக் கிழவி எங்கள் ஊர்க்காரியாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவளிடமிருந்து பேரனின் பிள்ளைக்கு வந்து சேர்ந்த தமிழ் மூன்றே வார்த்தை. மூன்றும் சாப்பாட்டு வார்த்தைகள்.

கடிதத்தில் பாராட்டு இருந்தது. அதை இங்கே எடுத்து எழுதுவது அழகல்ல. பாராட்டுக்குக் கீழே இரண்டு வாக்கியங்கள் இருந்தன. "உங்கள் கதையில் மனிதர்கள் பேசும்போது எனக்குக் காதில் கேட்டது. நீங்கள் பேசும்போது கேட்கவில்லை." அதற்கும் கீழே ஒரு கேள்வி. எங்களைப் பற்றி உங்கள் பாஷையில் ஏதாவது நாவல் இருக்கிறதா? இல்லாவிட்டால் எங்களவர் ஒருவர் எழுதியதையாவது படித்துப் பாருங்கள் என்று சாமுவெல் செல்வன் என்ற பெயரைக் குறிப்பிட்டிருந்தார்.

மொழிபெயர்ப்பில், அதுவும் ஒரே ஒரு கதையைப் படித்துவிட்டு, இந்த மனிதர் எப்படி இதைக் கண்டுபிடித்தார்? முப்பது வருஷமாக எழுதுகிறேன். எங்கள் ஊர் ஜனங்களைத்தான் எழுதுகிறேன். அவர்கள் வாயைத் திறந்தால் எங்கள் ஊர்ப் பேச்சு வரும். நான் வாயைத் திறந்தால் பாடப் புஸ்தகம் வரும். இதை எந்தத் தமிழ் விமர்சகரும் எனக்குக் குறையாகச் சொன்னதில்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம் என்பதால் இருக்கலாம்.

பெங்களூரில் உள்ள ஒரு நண்பரிடம் சொல்லி மூன்று புஸ்தகங்கள் தருவித்தேன். பெயர் ஆங்கிலத்தில் ஒருமாதிரி எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் செல்வோன் என்கிறார்கள். தமிழ்க் காதில் செல்வன் என்றுதான் விழுகிறது. தகப்பனார் சென்னையிலிருந்து போன தமிழ்க் கிறிஸ்தவர். தாயார் பாதி இந்தியர், பாதி ஸ்காட்லாந்துக்காரர். செல்வன் சான் ஃபெர்னாண்டோவில் 1923ல் பிறந்தார். அங்கே உள்ள நபரிமா கல்லூரியில் படித்தார். யுத்த காலத்தில் கடற்படையில் கம்பியில்லாத் தந்தி இயக்கினார். பிறகு ஒரு பத்திரிகையில் வேலை. 1950ல் லண்டனுக்குக் கப்பலேறினார். பின்னால் கனடாவுக்குப் போய், 1994ல் சொந்தத் தீவுக்கு வந்திருந்தபோது காலமானார்.

இந்த விவரங்களைக் கேட்டதும் நமக்கு ஒரு பூரிப்பு உண்டாகிறது. தமிழ் ரத்தம், கடல் கடந்த தமிழன், இன்னும் என்னென்னவோ சொல்லத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. முதல் நாவலின் பத்துப் பக்கத்தைத் தாண்டியதும் அது அடங்கிவிட்டது. செல்வனுக்குத் தமிழ் தெரியாது. அவருடைய இந்தியப் பாத்திரங்களுக்குக் கூடத் தமிழ்ப் பெயர் இல்லை. ஊர்மிளா, பாபுலால், ராம்லால், ரொமேஷ் என்று எல்லாம் வடக்கத்திப் பெயர்கள். அதற்குக் காரணம் உண்டு. 1845 மே மாதம் 30ந் தேதி முதல் கப்பல் டிரினிடாடை அடைந்தது. அதிலிருந்து 1917 வரையில் ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் அந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறிய பீகார், ஐக்கிய மாகாணத்துக்காரர்கள். சென்னையிலிருந்து போனவர்கள் சொற்பம். அந்தக் கூட்டத்தில் நம்மவர்கள் கரைந்துபோனார்கள். பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த குவாதலூப் தீவின் கதை வேறு. அங்கே 1854லிருந்து 1889 வரையில் போன 42,000 பேரில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள் மிகுதி. இன்றைக்கும் அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது. மசாலாப் பொடிக்குக் 'கொலம்போ' என்று பெயர். அது நம் குழம்புதான் என்று சொல்கிறார்கள். அங்கேயும் மிஞ்சியது சாப்பாடும் சாமியும்தான் என்று தெரிகிறது.

செல்வன் 1979ல் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவுக்கு, மூன்றை ஒன்றில் அடைக்க முடியாது என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். இந்தியன், டிரினிடாட்காரன், மேற்கிந்தியன் ஆகிய மூன்றும்தான் அவர் சொன்ன மூன்று. அதில் நாலாவதாக நம் தமிழனையும் கொண்டுபோய்த் திணிப்பது நியாயமாகப் படவில்லை. அவரை உறவு கொண்டாடாமல் எழுத்தாளராக மட்டும் படித்தால் நமக்கு லாபம் அதிகம்.

1952ல் வந்த அவருடைய முதல் நாவல் 'பிரகாசமான சூரியன்' என்று பெயர்க்கத்தக்க ஒன்று. டைகர் என்ற பதினாறு வயதுப் பையனுக்குக் கல்யாணம் செய்து, மனைவி ஊர்மிளாவோடு பராட்டரியா என்ற ஊரில் தனிக் குடித்தனம் வைக்கிறார்கள். அடுத்த வீட்டில் ஜோ, ரீட்டா என்று நீக்ரோ வம்சத்துத் தம்பதி. யுத்த காலம். அமெரிக்கர்கள் வந்து பெரிய சாலை போடுகிறார்கள். அந்தச் சாலையில் கூலி வேலை செய்துகொண்டே பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறான். நல்ல நாவல். நம் ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) படித்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே பிடிபடும். பாத்திரங்கள் மண்ணின் பேச்சைப் பேசுகிறார்கள். ஆசிரியர் திருத்தமான பாஷையில் நடுவே நின்று அவர்களை நமக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். கொங்கு நாட்டுப் பேச்சை நாவலில் அப்படியே கேட்கும்படி செய்ததற்காக ஷண்முகசுந்தரத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. ஆனால் மேற்கோள் குறிக்குள்ளே ஒரு ஊர், வெளியே இன்னொரு ஊர் என்ற ஏற்பாடு அங்கேயும் உண்டு. நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

நாலு வருஷம் கழித்து, 1956ல், அதே செல்வன் 'தனிமையான லண்டன்காரர்கள்' என்ற நாவலை வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து லண்டனில் பிழைக்கப் போன கறுப்பு ஜனங்களின் கதை. முதலில் அதைத் திருத்தமான ஆங்கிலத்தில்தான் எழுத உட்கார்ந்தாராம். பேச்சு சரியாக வந்தது, கதை நகரவில்லை. பிறகு கதை சொல்வதையும் பாத்திரங்களின் பேச்சிலேயே சொல்லிப் பார்த்தார். ஆறு மாதத்தில் நாவல் முடிந்துவிட்டது. இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுத்தாளர்கள் தாங்கள் எழுதிய விதத்தைப் பற்றிச் சொல்வதையெல்லாம் நான் அப்படியே நம்புகிறவனல்ல. ஆனால் இந்தப் புஸ்தகத்தைப் படித்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. ஒரே மூச்சில் சொன்ன கதை மாதிரி இருக்கிறது.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பனி மூட்டமான ஒரு குளிர்கால மாலையில் மோசஸ் என்பவன் 46ம் நம்பர் பஸ் ஏறி வாட்டர்லூ ரெயில் நிலையத்துக்குப் போகிறான். ஊரிலிருந்து வரும் முன்பின் தெரியாத ஒருவனை அழைத்து வர வேண்டும். மோசஸுக்கு மனசே இல்லை. பத்து வருஷமாக லண்டனில் இருக்கிறவன்; வருகிறவர்களுக்கெல்லாம் அறை பார்த்துக் கொடுத்து அலுத்தவன். ரெயிலிலிருந்து இறங்குகிற பையன், கலஹாட் என்று பின்னால் பெயர் பெறுகிறவன், மெல்லிய துணியில் கோட்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, பெட்டி படுக்கை எதுவும் இல்லாமல் நிற்கிறான். குளிரவில்லையா என்று கேட்டால் இல்லை என்கிறான். ஊரிலிருந்து வருகிறவன் ஒரு புட்டி ரம் கூடவா கொண்டுவரக் கூடாது என்று மோசஸுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

இதைப் படித்தபோது நான் லண்டனைப் பார்க்கவில்லை. பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தேன். எங்கள் ஜில்லாவில் மழை பொய்த்துக் கேழ்வரகு கருகினால் ஜனங்கள் போகிற இடம் அது. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் போய் இறங்குவார்கள். அங்கே முன்னாலேயே போன ஒருவன், தூக்கம் கெட்ட எரிச்சலோடு, காத்துக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு மோசஸ் உண்டு. அவனைப் பற்றி நான் இரண்டு கதை எழுதியிருக்கிறேன். இரண்டிலும் அவன் மிகவும் பரிதாபமானவன்.

அங்கேதான் செல்வன் என்னை மடக்கினார். அவருடைய மோசஸ் பரிதாபமானவனே இல்லை. சலித்துக்கொள்வான், பொய் சொல்வான், கிண்டல் செய்வான், கடைசியில் தன் அறையில் இடம் கொடுப்பான். நாம் வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களை எழுதும்போது முதலில் அழுதுவிடுகிறோம். பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட பெண்களைப் பற்றிப் பாடினார். புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை எழுதினார். இரண்டும் பெரிய காரியங்கள். அவற்றைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் இரண்டிலும் கரையில் நிற்கிற ஒருவர், கடலுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறார். அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிச் சிரித்துக்கொள்வார்கள் என்பது கரையில் நிற்கிறவர் காதில் விழாது. விழ வேண்டுமானால் அவர்கள் பாஷையிலேயே கதையைச் சொல்ல வேண்டும். பின்னால் ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் (1972) இதைச் செய்தார். பினாங்கு, மெடான் கடைத்தெருக்களில் நம்மவர்கள் பேசிய பேச்சு கதை சொல்லும் குரலுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அந்த நாவல் நம்மிடையே வருஷக் கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்ததும் எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தான்.

செல்வன் செய்ததை எங்கள் ஜில்லாக்காரருக்கு விளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பங்குனி, சித்திரையில் திரௌபதியம்மன் கோயில் வாசல்களில் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தியுமாக வந்து உயர்ந்த தமிழில் பாடுவான், வசனம் பேசுவான். அவனுக்குப் பக்கத்தில் கட்டியங்காரன் நிற்பான். அவன் பேசுவது எங்கள் சந்தைப் பேச்சு. ராஜா சொன்னதை ஜனங்களுக்குத் திருப்பிச் சொல்வான், ராஜாவையே கேலி செய்வான், நடுவில் உள்ளூர்ப் பிரெசிடெண்டையும் ஒரு இடி இடிப்பான். தூங்குகிறவர்கள் அவன் குரல் கேட்டால் எழுந்து உட்காருவார்கள். நம் நாவல்களில் ஆசிரியர்தான் ராஜா, பாத்திரங்கள் கட்டியங்காரர்கள். செல்வன் ராஜாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விடிய விடியக் கதை முழுவதையும் கட்டியங்காரன் கையில் கொடுத்துவிட்டார்.

அவன் கையில் கொடுத்தால் கேலிக்கூத்தாகத்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். கோடைக்கால லண்டனைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. பல பக்கங்களுக்கு முற்றுப்புள்ளியே இல்லாமல், மூச்சு விடாமல் ஒரு வர்ணனை. இந்தப் படிக்காத பேச்சில் இவ்வளவு சங்கீதம் இருக்கிறதா என்று தோன்றும். முடிவில் மோசஸ் தேம்ஸ் நதிக்கரையில் நின்று, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன் அறையில் கூடிச் சிரிக்கிற இந்தப் பையன்களின் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிறான். அந்த இடத்தில் நானே புஸ்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தேன். அவ்வளவு நேரம் சிரித்த பிறகு வருகிற துக்கம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செல்வன் எழுதியது டிரினிடாட் தெருவில் பேசுகிற பேச்சின் அப்பட்டமான நகல் அல்ல. வெளியார் படித்தாலும் புரியும்படி அதைத் தேவையான அளவுக்கு இளக்கி, தாளத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டதாக அவரே சொன்னார். நம்மிடையே வட்டார வழக்கு என்று கிளம்பிய பல நாவல்களில் இந்த விவேகம் இல்லை. சொற்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருள் போடுகிறார்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு அகராதியே தொகுத்தவர்தான். ஆனால் 'கோபல்ல கிராம'த்தைப் (1976) படிக்க அந்த அகராதி வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவரின் தொனி உங்களைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடும். சொல் தெரியாமல் போனாலும் தொனி தெரிந்துவிடுகிறது. சான் ஃபெர்னாண்டோ ஆசிரியர் என் கதையில் தேடியது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவருக்கு அந்தக் காது எப்படி வந்தது என்பதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. யுத்த காலத்தில் லண்டன் பி.பி.சி.யிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று ஒலிபரப்பு நடத்தினார்கள். ஊனா மார்சன் என்ற ஜமைக்காப் பெண்மணி அதில் 1943ல் 'கரீபியக் குரல்கள்' என்ற இலக்கிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1958 வரை நடந்தது. தீவுகளில் இருந்த எழுத்தாளர்கள் கதைகளை லண்டனுக்குத் தபாலில் அனுப்புவார்கள். அங்கே ஒருவர் அதை வாய்விட்டுப் படிப்பார். அந்தக் குரல் சிற்றலையில் கடல் தாண்டி, எழுதினவரின் அடுத்த வீட்டுக்கே வந்து சேரும். 1946லிருந்து எட்டு வருஷம் அதை நடத்திய ஹென்றி ஸ்வான்ஸி என்ற அயர்லாந்துக்காரர், உங்கள் ஊர் வாசனை இல்லாத கதை எனக்கு வேண்டாம் என்பதில் கண்டிப்பாக இருந்தவர். செல்வனின் எழுத்து அதில் ஒலிபரப்பாயிற்று. ஸ்வான்ஸிக்குப் பிறகு கொஞ்ச காலம் அதைக் கவனித்துக்கொண்டவர் வி. எஸ். நைபால். அச்சில் பார்ப்பதற்கு முன் காதால் கேட்கப்பட்ட இலக்கியம் அது. காதில் பொய்யாக ஒலிக்கிற வாக்கியம் அந்த நிகழ்ச்சியில் உடனே அகப்பட்டுக்கொள்ளும்.

நைபாலை நமக்குத் தெரியும். இந்தியாவுக்கு வந்து பார்த்துவிட்டு 1964ல் நம்மை இருண்ட பிரதேசம் என்று எழுதினார், கோபித்துக்கொண்டோம். 2001ல் நோபல் பரிசு வாங்கினார், பெருமைப்பட்டுக்கொண்டோம். 1961ல் வந்த அவருடைய 'பிஸ்வாஸின் வீடு' செல்வன் எழுதிய எதையும்விடப் பெரிய நாவல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கேயும் ராஜா பக்கத்தில் நின்று, தேர்ந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நம்மைத் திட்டின நைபாலைத் தெரிந்துவைத்திருக்கிற நாம், நம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாத செல்வனைத் தெரிந்துகொள்ளவில்லை.

செல்வனிடம் குறைகள் இல்லாமல் இல்லை. லண்டன் நாவலில் பெண்கள் பெரும்பாலும் பையன்கள் துரத்துகிற உருவங்கள், முகம் கிடையாது. கட்டியங்காரனிடம் கதையைக் கொடுத்தால் அவனுடைய அசட்டுத்தனமும் கூடவே வந்துவிடும் போலிருக்கிறது. டான்ட்டி என்ற கிழவி ஒருத்திதான் விலக்கு. அவள் லண்டன் மளிகைக் கடைக்காரனையே மிரட்டி, நம் ஊர் மாதிரிக் கடன் கணக்கு வைக்கச் செய்துவிடுகிறாள். அவளை இன்னும் இருபது பக்கம் எழுதியிருக்கலாம். மோசஸை வைத்துப் பின்னால் எழுதிய இரண்டு நாவல்களில் அந்தக் குரல் ஒரு வித்தையாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக எனக்கு நேர்ந்த ஒரு சிறு அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் பையன் இருக்கிறான், பெங்களூரில் வேலை. ஊருக்கு வந்திருந்தபோது அவனுக்கு இந்த நாவலில் வருகிற புறாக் கதையைச் சொன்னேன். வேலையில்லாத குளிர்காலத்தில், பூங்காவில் கொழுத்துத் திரிகிற புறாவைக் கலஹாட் பிடிக்கிறான். நாயோடு வந்த ஒரு துரைசானி பார்த்துவிட்டுக் கூச்சல் போடுகிறாள். இவன் ஓடி வந்து மோசஸிடம் சேருகிறான். மோசஸ் திட்டுகிறான்; திட்டிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறான். நான் சொல்லி முடித்தபோது பையன் மரியாதையாகத் தலையாட்டினான்.

மறுநாள் டீக்கடையில் அதே கதையை அவன் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். லண்டன் பூங்கா கப்பன் பார்க்காக மாறிவிட்டது. "கெழவி நாயப் புடிச்சிக்கிட்டு கத்தறா. இவன் புறாவ சட்டைக்குள்ளாற உட்டுக்கிட்டு ஓடறான். அது உள்ளாற கெடந்து ரெக்கய அடிக்குது. இவனுக்கு நெஞ்சு அடிச்சிக்குதா, புறா அடிச்சிக்குதான்னே தெரியல!" டீக்கடை முழுவதும் சிரித்தது. சட்டைக்குள் துடிக்கிற புறா புஸ்தகத்தில் இல்லை, நானும் சொல்லவில்லை.

சான் ஃபெர்னாண்டோ ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். உங்களைப் பற்றி எங்கள் பாஷையில் உள்ளதாக எனக்குத் தெரிந்த நாவல் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். செல்வனைச் சொன்னதற்கு நன்றி தெரிவித்தேன். புதுக் கதை ஒன்று ஆரம்பித்திருப்பதாகவும், அதன் முதல் பாராவை இந்தக் கடிதத்தோடு வைக்கலாம் என்று நாலு முறை எழுதிக் கிழித்ததாகவும் சொன்னேன். அவருடைய மூன்று வார்த்தைகளில் ஒன்று 'களி' என்று இருந்தது. அது கேழ்வரகுக் களியாக இருந்தால் கொள்ளுப்பாட்டி எங்கள் பக்கத்துக்காரியாக இருக்க நியாயம் உண்டு. அந்தத் தீவில் எந்த மாவில் கிண்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.